ஓனர் கட்டம்

அடிக்கச் சொல்லி யாரும் இன்னும் கொடுக்காத ஒரு வேலை, அச்சு இயந்திரத்தின் வரிசையில் முன்னதாகவே வந்து நின்றுகொண்டால் என்ன ஆகும்? திருமங்கலம் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் இருக்கும் மயில் பேனர்ஸ் கடையில் அப்படித்தான் நின்றது. நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். வரிசை குழம்பினால் என்ன பாடு என்பதைக் கிட்ட இருந்து பார்த்தவன் நான்.

பிளாஸ்டிக் பேனருக்கு முழுத் தடை வந்து, ஊரெல்லாம் துணியில் அடிக்கத் தொடங்கியிருந்த வருடம் அது. எங்கோ இழுத்து மூடப்பட்ட ஓர் ஆராய்ச்சிக் கூடத்தின் சாமான்களை ஒரு கம்பெனி ஏலம் விட்டது. கடை முதலாளி தவசி அங்கே போய், துணியில் அச்சடிக்கும் பெரிய இயந்திரம் ஒன்றை எடுத்து வந்தார். அந்தக் கூடத்தில் என்ன ஆராய்ச்சி நடந்தது என்று அவரும் கேட்கவில்லை, விற்றவர்களும் சொல்லவில்லை. இயந்திரத்தோடு ஒரு கம்ப்யூட்டரும் வந்தது. அதில் படம் கிடையாது, அம்புக்குறி கிடையாது; கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும். யூனிக்ஸ் என்று பெயர். எதைக் கேட்பதானாலும் கட்டளையாக அடித்துத்தான் கேட்க வேண்டும். இந்த வகைக் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பது என் தொழில் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள்.

கடையில் பேனர் வடிவமைப்பவர் நிலோஃபர். முதல் நாள் அவருக்கு இரண்டே கட்டளைகளைச் சொல்லிக் கொடுத்தேன்.

“lpstat -pன்னு அடிச்சா, மிஷின் எப்படி இருக்குன்னு சொல்லும். lpqன்னு அடிச்சா, மிஷினுக்கு முன்னாடி யார் யார் வரிசையில நிக்கிறாங்கன்னு சொல்லும்.”

“ஆஸ்பத்திரி மாதிரி,” என்றார் நிலோஃபர். “டாக்டர் இருக்காரான்னு கேக்குறது ஒண்ணு. எத்தனாவது டோக்கன் போகுதுன்னு கேக்குறது ஒண்ணு.”

எந்தக் கையேட்டிலும் நான் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை. அவர் முதல் கட்டளையை அடித்தார். திரையில் வந்தது:

printer mayil is idle

பின்னால் நின்ற தவசி கழுத்தை நீட்டினார். “என்னத்தா சொல்லுது?”

“சும்மா இருக்காம் ஓனரண்ணே.”

“வந்து இறங்குன அன்னிக்கே சும்மா இருக்கேன்னு திமிராச் சொல்லுது பாரு. எங்க மாப்பிள்ளை மாதிரி,” என்று சிரித்தவர், சட்டென்று வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார். நிலோஃபரும் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் காரணம் தெரியாது; கேட்கவும் இல்லை.

பஜாரில் எல்லோரும் தவசியை ‘ஓனர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சொல்லில் அவருக்குத் தனி ருசி. ஆகவே இரண்டாவது கட்டளையில் தகராறு வந்தது. lpq அடித்தால் வருகிற அட்டவணையில் Owner என்று ஒரு கட்டம் உண்டு. அதில் வேலைக்கு வேலை நிலோஃபரின் பெயரே வந்து விழுந்தது.

“சார், இதென்ன அநியாயம்? ஏலத்துல எடுத்தது நானு. கடை போர்டு எம்பேர்ல. மிஷினுக்கு மட்டும் இவ ஓனரா?”

“அது கடை ஓனர் இல்லண்ணே. அந்த வேலைய மிஷின்கிட்ட யார் கொடுத்தாங்களோ, அவங்க பேரு. நீங்க உக்காந்து கொடுத்தா உங்க பேரு வரும்.”

“அப்ப எனக்கும் உள்ள ஒரு எடம் போட்டுக் குடுங்க.”

thavasi என்று ஒரு கணக்கு உண்டாக்கிக் கொடுத்தேன். அதற்குள் அவர் ஒரு நாளும் நுழையவில்லை. இருக்கிறது என்பதே போதுமாக இருந்தது.

கோப்புகளுக்குப் பெயர் வைப்பதில் நிலோஃபருக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். திருமணம் என்றால் thi. புதுமனை புகுவிழா pu. காதணி விழா thodu. கண்ணீர் அஞ்சலி ka. அதன் பிறகு ஒரு கோடு. கோட்டுக்குப் பின்னால், பேனரில் யார் படம் பெரிதாக இருக்கிறதோ அவர் பெயர். கல்யாண பேனரில் அது மாப்பிள்ளையாகவோ பெண்ணாகவோ இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எங்கள் பக்கம் பெரும்பாலும் அது தாய்மாமனாகவோ வட்டச் செயலாளராகவோ இருக்கும். கண்ணீர் அஞ்சலியில் மட்டும் அந்தச் சந்தேகமே வராது.

சில வாரங்கள் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு நாள் நிலோஃபர் போன் செய்தார்.

“சார், நான் கொடுக்காத வேலை ஒண்ணு வரிசையில நிக்குது.”

போய்ப் பார்த்தேன். ka_arulanandham. ஓனர் கட்டத்தில் nilofar. அளவுக் கட்டத்தில் பூஜ்யம். அதாவது பெயர் மட்டும் வந்திருக்கிறது. உள்ளே படமோ எழுத்தோ இல்லை.

“அருளானந்தம் வாத்தியார் இப்பத்தான் கீரைக்கட்டோட இந்தப் பக்கமாப் போனாரு,” என்றார் நிலோஃபர். “என்னையக் கூப்பிட்டு, ‘கடையில ஈ ஓட்டுறியா?’ன்னு கேட்டுட்டுப் போனாரு.”

வேலையை ரத்து செய்யும் கட்டளையைக் கொடுத்தேன். போனது. மறுபடி lpq அடித்தால் அதே எண்ணோடு அதே இடத்தில் நின்றது. மறுபடி ரத்து செய்தேன். மறுபடி நின்றது.

அடுத்த நாள் காலை வாத்தியார் தூக்கத்திலேயே போய்விட்டார். தொண்ணூறைத் தொட்ட வயது. மதியம் அவர் மகன் படத்தோடு வந்தார். நிலோஃபர் வடிவமைத்து இயந்திரத்துக்குக் கொடுத்தபோது, ஏற்கனவே நின்றிருந்த பெயரின் மேலேயே அந்த வேலை போய் உட்கார்ந்துகொண்டது. பூஜ்யமாக இருந்த அளவு நிரம்பியது.

கம்ப்யூட்டரைக் கழற்றிப் பார்த்தேன். நேரத்தை எண்ணும் சில்லு இருக்க வேண்டிய இடத்தில், ஈயத் தகடு போர்த்திய ஏதோ ஒரு மின்னணு அட்டை இருந்தது. நான் அதுவரை பார்த்திராத வகை.

“எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க சார்,” என்றார் தவசி.

“மத்த மிஷின்ல வேலை வந்தப்புறம் வரிசை. இதுல நேரம் கசியுது. நாளைக்கோ மறுநாளோ கொடுக்கப்போற வேலையோட பேரு மட்டும் இன்னிக்கே வந்துருது. உள்ள இருக்கிற விஷயம் கொடுக்கிறப்பத்தான் வரும்.”

“அதாவது பத்திரிகை முன்னாடி, கல்யாணம் பின்னாடி.”

“அப்படியே வச்சுக்கலாம்.”

“உலகம் பூராவும் அப்படித்தான நடக்குது? இதுல என்ன ரிப்பேரு?”

ரிப்பேர் உண்டு என்பதே என் கருத்து. ஏலம் விட்ட கம்பெனிக்கு, பத்திகளுக்கு எண் போட்டு, மூன்று பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். பதில் இரண்டே வாக்கியம்: ‘தங்கள் கடிதம் கிடைத்தது. மறுதொடக்கம் செய்து பார்க்கவும்.’ செய்து பார்த்தோம். அணைத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு, மறுபடி போட்டோம். வரிசை அப்படியே இருந்தது.

நேரம் கசிந்தது போலவே செய்தியும் கசிந்தது. பேனர் அடிக்க ஒரு வேலையும் இல்லாதவர்கள் கடைக்கு வந்து, விசாரிப்பதுபோல் நின்று, ஓரக்கண்ணால் திரையைப் பார்த்தார்கள். எதிரே பாத்திரக்கடையில் வேலை செய்த பெண்ணுக்குத் தன் கல்யாணம் முடிவான சேதியை வீட்டார் சொல்வதற்கு முன் எங்கள் வரிசை சொல்லிவிட்டது. அவள் அன்று மாலையே அப்பாவிடம் சண்டை போட்டு, மாப்பிள்ளையைப் பார்க்காமல் சம்மதிக்க மாட்டேன் என்று நின்று, பார்த்துவிட்டு, பிறகு சம்மதித்தாள். கட்சிக்காரர் ஒருவர் தமக்கு ‘நன்றி அறிவிப்பு’ பேனர் வந்திருக்கிறதா என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். தேர்தலுக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது.

எல்லோரிலும் மச்சக்காளைதான் நேராக விஷயத்துக்கு வந்தவர். சொர்க்க ரதம் வண்டி ஓட்டுபவர். கடைசிப் பயணத்துக்கு இந்த வட்டாரத்தில் அவர் வண்டியைத்தான் கூப்பிடுவார்கள்.

“ஒண்ணும் பெருசாக் கேக்கலத்தா,” என்றார் நிலோஃபரிடம். “வண்டியக் கழுவணும், பூவுக்குச் சொல்லணும், அதுக்கெல்லாம் நேரம் வேணும்ல? ka வந்துச்சுன்னா ஒரு மிஸ்டு கால். அவ்வளவுதான்.”

“உங்க பேரு வந்தாலும் கொடுக்கவாண்ணே?”

மச்சக்காளை அதன் பிறகு கடைக்குள் வரவில்லை. வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு அங்கிருந்தே பார்க்கத் தொடங்கினார்.

இப்படியாக ஒரு புதன்கிழமை. நான் போய்ச் சேர்வதற்கு முன் நடந்ததை நிலோஃபர் சொன்னபடி எழுதுகிறேன். தவசி வந்தபோது திரை சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. நிலோஃபர் முகத்தைத் துணிச் சுருளுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

“ஏத்தா, இது என்ன தப்பு பண்ணுச்சு? மூலைல நிக்க வச்சிருக்க?” என்றபடி தவசி திரையைத் திருப்பினார்.

lpq அட்டவணையில் ஓனர் கட்டம் இடப்பக்கம் இருக்கும். கோப்பின் பெயர் அதற்கு வலப்பக்கம். தவசி இடமிருந்து வலமாகப் படிப்பவர்.

“அட்ரா சக்கை! ஓனர், தவசி! பாத்தியா, கடைசில மிஷினே ஒத்துக்கிச்சு! போன் போட்டு சாரக் கூப்பிடு…”

பிறகு அவர் கண் வலப்பக்கம் நகர்ந்தது. ka_thavasi. அளவு பூஜ்யம்.

நான் போனபோது அவர் துணிச் சுருளின் மேல் உட்கார்ந்திருந்தார். கையில் டீ கிளாஸ், டீயின் மேல் ஆடை படிந்திருந்தது.

“போன மாசம் ஜோசியர் எனக்குக் கட்டம் சரியில்லைன்னாரு சார். எந்தக் கட்டம்னு இப்பத்தான் தெரியுது.”

ரத்து செய்து பார்த்தேன். வழக்கம்போலத் திரும்பி வந்து நின்றது. இன்னொரு தடவை கையை வைத்தபோது தவசி தடுத்தார். “விடுங்க சார். அத ஏன் வருத்துறீங்க? அது தெரிஞ்சதச் சொல்லுது.”

வாசலில் ஒரு நிழல் விழுந்தது. மச்சக்காளை தோள் துண்டை எடுத்து வாயில் பொத்தியிருந்தார்.

“ஓனரே… உங்களுக்குன்னா ஏ.சி. வண்டிதான். நான் இருக்கேன்.”

“உள்ள வராமயே எப்படிய்யா படிச்ச?”

“எழுத்து பெருசாத் தெரியுது ஓனரே.” அவர் தவசியை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தார். “ஓனருக்கு உயரம் என்ன இருக்கும்? ஆறடி?”

“ஓடிப் போயிரு. எந்திரிச்சேன்னா உன்னைய முதல்ல ஏத்தி அனுப்பிருவேன்.”

மச்சக்காளை போனதும் தவசி கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். நிலோஃபர் அழுதுகொண்டிருந்தார்.

“அழுவாதத்தா. நீ போட்டோவ எடுத்தா மூஞ்சிய வெள்ளையடிச்சு ரோஸ் பவுடர் பூசி விட்டுருவ. எனக்கே யாருன்னு தெரியாது. பேசாம நானே உக்காந்து எனக்கு ஒண்ணு அடிச்சு வச்சிட்டுப் போயிரலாம் போல.” சிரிக்கப் பார்த்தார். பிறகு கேட்டார்: “படத்துக்குக் கீழ ‘கண்ணீருடன்’னு போடுவமே, அங்க யாரு பேரு போடுவ?”

தவசியின் மனைவி இறந்து பல வருடம் ஆகிறது. பிள்ளை இல்லை.

“பேச்சி பேரு போட முடியாதுல்ல?” என்றார். பதிலுக்குக் காத்திராமல் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். கிளாஸில் டீ அப்படியே இருந்தது.

“பேச்சி யாரு?” என்று கேட்டேன்.

“அவரு தங்கச்சி சார். உசிலம்பட்டியில கட்டிக் குடுத்திருக்கு. அவங்க புதுமனை புகுவிழாவுக்கு இவரே ஆசை ஆசையா பேனர் அடிச்சுக் கொண்டுபோனாரு. நடுவுல இவரு படம், ஆளு உசரத்துக்கு. வீட்டுக்கு ஓனரு அவங்க வீட்டுக்காரரு சோணைமுத்து. அவரு படம் மூலைல, தபால் தலை அளவு. அதோட விட்டாலும் பரவாயில்ல. கயிறு கட்டுறதுக்கு மூலைல பித்தளை வளையம் வச்சு ஓட்டை போடுவம்ல? அந்த ஓட்டை சரியா சோணைமுத்து மூக்குல விழுந்திருச்சு.”

“அடடா.”

“அது வழியா கயிறு வேற போட்டுக் கட்டிட்டாங்க சார். சொந்தக்காரங்க எல்லாரும் மூக்கணாங்கயிறுன்னு சிரிச்சிருக்காங்க. ‘என் வீட்டுல என்னையே மாடாக் கட்டிப்புட்டியா’ன்னு அவரு கேக்க, ‘தொங்குற எடத்துல இருந்தா கயிறு விழத்தான் செய்யும்’னு இவரு சொல்ல… நாலு வருசமாப் பேச்சு இல்ல. நடுவுல அந்தக்காவுக்கு ஒரு பையன் பொறந்தான். தர்ஷித். இவரு இன்னும் பாத்ததில்ல. பையனுக்குக் காது குத்தணும்னா தாய்மாமன் மடி வேணும். வேற யாரு மடியிலயும் உக்கார வைக்க மாட்டேன்னு அந்தக்கா. அந்த ஆளு மடியில மட்டும் வேணாம்னு சோணைமுத்து. பையன் காது சும்மாவே இருக்கு.”

மறுநாள் காலை நான் கடையில் நுழைந்தபோது தவசி உசிலம்பட்டி பஸ் ஏறிவிட்டதாக நிலோஃபர் சொன்னார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஒரு பெட்டி பால்கோவா. ‘போறதுக்குள்ள புள்ளையப் பாத்துட்டு வந்துர்றேன்’ என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் lpq அடித்து அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவையோ என்னவோ பார்த்தபோதுதான், கோப்பின் பெயரை விட்டுவிட்டு மற்றக் கட்டங்களையும் படித்தேன்.

“நிலோஃபர், அருளானந்தம் வாத்தியார் வேலைக்கு ஓனர் யாரு?”

“நான்தான். நான்தான கொடுத்தேன்?”

“இதுக்கு?”

“ஓனரண்ணே.” சொல்லி முடித்ததும் அவர் வாய் திறந்தபடியே நின்றது. “அப்ப இந்த வேலையக் கொடுக்கப்போறது…”

“அவரேதான். செத்தவர் வந்து உக்காந்து கொடுக்க முடியாது. கொடுக்கிறப்ப உயிரோடதான் இருக்கார்.”

நான் போனை எடுத்தேன். நிலோஃபர் என் கையைப் பிடிக்காத குறையாக முன்னால் வந்து நின்றார்.

“யாருக்கு சார்?”

“அவருக்குத்தான். ஒரு மனுஷன் சாகப்போறோம்னு நினைச்சுக்கிட்டு பஸ்ல உக்காந்திருக்கார். தெரிஞ்சும் சொல்லாம இருக்கலாமா?”

“சொன்னா செக்கானூரணியிலயே எறங்கித் திரும்பிருவாரு. இத விட்டா இந்த ஜென்மத்துல அந்த வாசப்படி ஏற மாட்டாரு.”

“பயத்துல நெஞ்சு அடைச்சுக்கிட்டா?”

“அப்படி வேற சொல்லாதீங்க.” அவர் நகத்தைக் கடித்தார். “இன்னொண்ணும் இருக்கு சார். நேத்து என்ன சொன்னாரு? எனக்கு நானே ஒண்ணு அடிச்சு வச்சிட்டுப் போயிரலாம்னாரு. செய்யக்கூடிய ஆளுதான். அடிச்சு வச்சிட்டு, மறுநாளு…”

அது எனக்குத் தோன்றவில்லை. ஆக, அவர் பிழைப்பார் என்று சொல்வதற்கும் எங்களிடம் உறுதி இல்லை. சாவார் என்று விட்டுவிடவும் மனம் இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒழுங்காக யோசித்துப் பார்த்தேன்.

“நாம சொல்லி, அவர் பயம் தெளிஞ்சு திரும்பி வந்துட்டா, தனக்குத்தானே கண்ணீர் அஞ்சலி அடிக்க மாட்டார்; இந்த வேலை ஒருவேளை வராமயே போகலாம். ஆனா அது வந்து நிக்குது.”

“அப்படின்னா நாம சொல்ல மாட்டோம்னு மிஷினுக்கு ஏற்கனவே தெரிஞ்சிருக்கு சார்,” என்றார் நிலோஃபர்.

அந்த நேரத்தில் போனே அடித்தது. தவசி. குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

“சார், வந்துட்டேன். வாசல்ல வேப்பமரத்துக்குப் பின்னாடி நிக்கிறேன். மாப்பிள்ளை உள்ளதான் இருக்காரு. என்ன சொல்லிட்டு உள்ள போறது?”

எந்த வாக்கியத்தை முதலில் சொல்வது என்று நான் வரிசைப்படுத்தத் தொடங்கினேன். நிலோஃபர் போனைப் பிடுங்கினார்.

“வாய்க்கு வந்ததச் சொல்லிட்டுப் போங்கண்ணே! நேரம் கம்மியா இருக்கு!”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. பிறகு போன் அணைந்தது. அன்று முழுவதும் வேறு அழைப்பு இல்லை. மச்சக்காளை மட்டும் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வேலை செய்தோம்.

வெள்ளிக்கிழமை மதியம் தவசி வந்தார். ஒரு கையில் தூக்குச்சட்டி. மறு கையில் பென்டிரைவ். நேராகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, முதல் தடவையாகத் தன் பெயரில் உள்ளே நுழைந்தார்.

“என்னண்ணே பண்ணப் போறீங்க?” என்றேன்.

“நானே அடிக்கிறேன்னு சொன்னேன்ல?”

நிலோஃபர் என் பின்னால் ஒதுங்கினார். தவசி ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாக, திரையில் நின்ற பெயரைப் பார்த்துப் பார்த்து அடித்தார். k. a. ஒரு கோடு. பிறகு தன் பெயர். கடைசி விசையைத் தட்டினார். பூஜ்யம் நிரம்பியது. அடிக்கத் தொடங்கிவிட்டதாகத் திரை சொன்னது:

printer mayil now printing mayil-731

அகலமான பேனர்களை எங்கள் இயந்திரம் பக்கவாட்டில்தான் அடிக்கும். தலைப்பின் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும். அச்சுத் தலை போகவும் வரவுமாக இருந்தது. துணி நகர்ந்தது. முதல் எழுத்து வந்தது. சிவப்பில், முழ உயரத்தில், ‘க’.

அடுத்து ‘ண்’ வர வேண்டும். நிலோஃபர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கும் மூட வேண்டும் போலிருந்தது. துணி இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

வந்தது ஒரு துணைக்கால்.

“கா,” என்றேன்.

“கா?” நிலோஃபர் ஒரு கண்ணைத் திறந்தார்.

‘கா’வுக்குப் பின்னால் ‘த’ வந்தது. பிறகு ‘ணி’. காதணி விழா. நிலோஃபர் அங்கேயே துணிச் சுருளில் தலையைச் சாய்த்து, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாதபடி குலுங்கினார். எத்தனையோ வருடம் தமிழ் எழுதியிருக்கிறேன். ஒரு துணைக்காலைப் பார்த்துக் கண் கலங்கியது அன்றுதான்.

முழு பேனரும் வெளியே வந்தது. நடுவில் தர்ஷித், மொட்டைத் தலையோடு. அவனுக்கு ஒரு பக்கம் பேச்சி. மறுபக்கம் சோணைமுத்து, ஆளுயரத்துக்கு, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு. தாய்மாமன் தவசியைத் தேட வேண்டியிருந்தது. மூலையில், தபால் தலை அளவில் இருந்தார்.

“டிசைன் உசிலம்பட்டியிலயே போட்டுக் குடுத்தாங்க. வளையம் எங்க அடிக்கணும்னு மட்டும் குறிச்சுக்க,” என்றார் தவசி. “சரியா என் மூக்குல. கொஞ்சம் தள்ளிப் போனாலும் மாப்பிள்ளை ஒத்துக்க மாட்டாரு. அவரு போட்ட ஒரே கண்டிசன் அதுதான்.”

தூக்குச்சட்டியைத் திறந்தார். உள்ளே பணியாரம். பேச்சி கொடுத்தனுப்பியது.

“நீங்க சாகப்போறதாச் சொன்னதும் என்ன சொன்னாங்க?” என்று நிலோஃபர் கேட்டார்.

“ஒப்பாரி வச்சா. தெருவே கூடிருச்சு. அப்புறம் சாப்பிட உக்கார வச்சு, ‘சாகப்போறவன் மாதிரியா இருக்க, மூணாவது ஈடு இட்லி திங்கிற’ன்னு கேட்டா. பய மடியில உக்காந்து மீசையப் பிடிச்சு இழுத்தான் பாரு…” அவர் மீசையைத் தொட்டுக்கொண்டார்.

எனக்கு உறுத்தியது. “அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நேத்துக் காலையிலயே எங்களுக்குத் தெரியும். ஓனர் கட்டத்துல உங்க பேரு இருந்ததால, நீங்க உயிரோட…”

“ஓனர்னா வேலையக் கொடுத்தவங்கன்னு நீங்கதான சார் எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க?” என்றார் தவசி, வாயில் பணியாரத்தோடு.

நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம்.

“புதன்கெழமை நெசமாத்தான் பயந்தேன். வீட்டுக்குப் போயிச் சோத்துல கைய வைக்கிறேன், ஞாபகம் வருது. கொடுக்கப்போறது நானு. அப்ப என்ன வேலைன்னு முடிவு பண்றதும் நான்தான? ka-வுல கண்ணீர் அஞ்சலி மட்டுமா இருக்கு?”

“தெரிஞ்சுக்கிட்டேவா சாகப்போறேன்னு போயி நின்னீங்க?” என்று நிலோஃபர் கத்தினார். “நேத்துப் பூராவும் எங்களுக்கு உசுரு இல்ல!”

“சும்மா போயி நின்னா, ‘எதுக்கு வந்த’ன்னு மாப்பிள்ளை கேப்பாரு. சாகப்போறவன யாராச்சும் கேப்பாங்களாத்தா? நாலு வருசமா ஒரு காரணம் கெடைக்கலையேன்னு கெடந்தேன். மிஷின் குடுத்துச்சு. விடுவனா?”

நிலோஃபர் கோபத்தில் இரண்டு பணியாரத்தை எடுத்துக்கொண்டு திரைக்குப் போனார். முடிந்த வேலைகளின் பட்டியலைப் பார்த்தவர் திரும்பினார்.

“காதணி விழாவுக்கு நான் thodu-ன்னுதான வைப்பேன்? இதுல பெரிய படம் சோணைமுத்து அண்ணன். முறைப்படி thodu_sonaimuthu-ன்னுல்ல வந்திருக்கணும்? நீங்க ஏன் ka_thavasi-ன்னு வச்சீங்க?”

“நான் எங்க வச்சேன்? உன் முறை யாருக்குத் தெரியும்? ஸ்க்ரீன்ல இருந்ததப் பாத்து எழுத்து மாறாம அடிச்சேன்.”

“நீங்க அடிக்கப்போறதத்தான ஸ்க்ரீன் காட்டுச்சு?”

“ஆமா.”

“அதப் பாத்துத்தான் நீங்க அடிச்சீங்க?”

“ஆமாங்குறேன்ல.”

“அப்ப அந்தப் பேர முதல்ல வச்சது யாரு?”

மூவரும் இயந்திரத்தைப் பார்த்தோம். நிலோஃபர் மெல்ல lpstat -p என்று அடித்தார். சும்மா இருப்பதாகச் சொல்லியது.

அன்று மாலையே ஏலம் விட்ட கம்பெனிக்கு மறுபடி ஒரு கடிதம் எழுதினேன். நடந்த எல்லாவற்றையும் வரிசையாகக் குறிப்பிட்டு, கடைசிப் பத்தியில் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டேன்: யாருமே வைக்காத ஒரு பெயர் எங்கிருந்து வந்தது? காது குத்து முடிந்து, தவசி மூக்கில் ஓட்டையோடு உசிலம்பட்டித் தெருவில் தொங்கி, பேனரை மடித்துப் பேச்சி வீட்டுப் பரணில் வைத்த பிறகு பதில் வந்தது.

‘தங்கள் கடிதம் கிடைத்தது. மறுதொடக்கம் செய்து பார்க்கவும்.’

கசக்கிப் போடப் போனேன். தவசி வாங்கிப் படித்தார். இரண்டாவது வாக்கியத்தை விரல் வைத்து இன்னொரு தடவை படித்துவிட்டு, தாளை நீவி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“அதத்தான சார் செஞ்சேன்,” என்றார்.